தோசைக்கல் மேல் ஓடிய வெள்ளைக் கோடுகள்

என் உயிரான வீட்டுக்காரருக்கு,

என்னங்க, நான்தான். மத்திகிரி வீட்டில் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் ஆரம்பிக்கக் கை வரவில்லை.

முதலில் பிள்ளைகள் சேதி. நீங்கள் ஓசூருக்குத் தனியாக வேலைக்கு வந்த காலத்தில் நான் ஊரிலிருந்து போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தானே முதலில் தேடுவீர்கள்? நம் மகன் செல்வத்தின் பெரிய பெண் சுதா, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸே வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். பையன் பிரபு டிப்ளமாவில் முதல் வகுப்பு. சேர்ந்த வருசமே அவன் கம்பெனி அவனைப் பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டது. சின்னவள் ரேவதி, நீங்கள் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள், பௌதிகம் படித்துக் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாள். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஐந்தாவதோடு நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனாள். பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

சுதாவைப் பற்றி இன்னொரு சேதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் தகரப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

உங்கள் வேலை என்ன என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. வார்ப்படம் செய்கிற கம்பெனியில் எக்ஸ்ரே ரூம் என்பேன். "மனுசனுக்கு எலும்பு பாக்கறாப்பல நாங்க இரும்புக்கு வயிறு பாக்கறோம்டி, உள்ள ஓட்டை இருந்தா படத்துல தெரிஞ்சிடும்" என்று சிரிப்பீர்கள். எனக்கும் அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு உங்கள் இரத்தத்தில் நோய் வந்தது. ஏன் வந்தது என்று கேட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்றார் டாக்டர். அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் போன அன்று சாவு வீட்டில் உங்கள் ஒன்றுவிட்ட அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "எக்ஸ்ரே ரூம்ல கெடந்தவன். அந்தக் கதிரு துணியில ஒட்டிக்கினு வூட்டுக்கே வந்திருக்கும். பசங்கள பாத்துக்கோடி" என்றாள். அவளுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

துணியில் ஒட்டும் என்றால், அந்தத் துணியைத் துவைத்த கையில்? அந்தக் கையால் பிசைந்து ஊட்டிய சோற்றில்? வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நீங்கள் தூக்கிக் கொஞ்சிய பிள்ளைகள் மேல்? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

உங்கள் காக்கி யூனிஃபார்ம், நீல ஸ்வெட்டர், பூட்ஸ், டிபன் கேரியர் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிப் பின்னறைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வருசா வருசம் உங்களுக்குப் படையல் போடும்போது கடையில் வாங்கின புது வேட்டியைத்தான் வைத்தேன். உங்கள் துணி ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஜுரம் வந்தால் மற்ற வீட்டில் கசாயம் போடுவார்கள். நான் கசாயத்தையும் போட்டுவிட்டுப் பரணை அண்ணாந்து பார்ப்பேன்.

உங்களோடு வேலை பார்த்த சேலத்து மாணிக்கம், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு கவரோடு வந்தார். ஆயுத பூஜைக்கு எக்ஸ்ரே ரூமில் மிசினுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எல்லோரும் நின்று எடுத்த போட்டோ. "அதுல அவரு நல்லா சிரிச்சிருப்பாரும்மா" என்றார். அந்த ரூமிலிருந்து வந்தது என்ற ஒன்றுதான் என் காதில் விழுந்தது. எக்ஸ்ரேயும் பிலிம், போட்டோவும் பிலிம். கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதனால்தான் சுவரில் இன்றைக்கும் உங்கள் ரேசன் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். யாரையோ முறைப்பது மாதிரி நிற்கிறீர்கள்.

இப்படியே பெட்டியும் நானும் வருசங்களை ஓட்டிவிட்டோம். போன வருசம், கல்யாணமாகிப் போயிருந்த சுதா உண்டானாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். அவளுக்குக் கொடுக்க இருந்தது அந்தப் பின்னறைதான். வயிற்றுப் பிள்ளைக்காரி தலைக்கு மேல் அந்தப் பெட்டி இருப்பதா? செல்வத்தைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்காமல் ஜூஜுவாடியில் எடைக்குப் போட்டுவிட்டு வா என்றேன். அவனை விட்டு இறக்கி, அதுவரைக்கும் மாட்டுக்கொட்டகையில் வைக்கச் சொன்னேன்.

காரணத்தை அன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். செல்வம் திகைத்துப்போய் நின்றான். ரேவதிதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆயா, எக்ஸ்ரே துணியில ஒட்டாது. லைட்டை அணைச்சிட்டா வெளிச்சம் துணியில ஒட்டிக்கினு இருக்குமா?"

"வெயில்ல காயப்போட்ட துணி, எடுத்து உள்ள வெச்ச பொறகும் சுடுதில்ல?"

"அது சூடு. இது வேற."

"உனக்கு வேற. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னா நீ நம்பமாட்ட. கண்ணுல காட்டறேன். அதுவரைக்கும் தாத்தா பெட்டிய எடைக்குப் போடக்கூடாது. சுதா வரதுக்குள்ள காட்டலன்னா நீ சொன்னபடி செய்" என்றாள். சரி என்றேன். பெட்டியை விட்டுக்கொடுக்க எனக்கு மட்டும் ஆசையா?

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மேகத்தை உண்டாக்குவாளாம். கண்ணுக்குத் தெரியாத கதிர் அதற்குள் புகுந்து போனால், போன வழியில் வெள்ளைக் கோடு விழுமாம். நம்ம ஊர் ஆகாயத்தில் ஜெட் விமானம் போன பிறகு கோடு நிற்குமே, அந்த மாதிரி. பிரபு மீன் வளர்த்துச் சாகடித்த கண்ணாடித் தொட்டி சும்மாதான் கிடந்தது. அதைக் கவிழ்த்து, மேலே உள்பக்கம் கம்பளித் துணியை ஒட்டி, அதில் ஸ்பிரிட்டை ஊற வைத்தாள். மேலே ஈரம், கீழே தாங்கமுடியாத குளிர். நடுவில் மேகம். அந்தக் குளிருக்கு உலர்பனிக்கட்டி என்று ஒன்று வேண்டுமாம்.

அதை வாங்க ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போனாள். தெர்மோகோல் பெட்டியில் பத்திரமாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அத்திப்பள்ளியில் லாரி வரிசை. செக்போஸ்ட் தாண்டி ஜூஜுவாடி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் வந்து திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அது கற்பூரம் மாதிரி, கரையாமல் அப்படியே காற்றாகிப் போய்விடுமாம். "கர்நாடகாவுல வாங்கினத கர்நாடகாவுலயே வுட்டுட்டு வந்துட்ட" என்று செல்வம் கிண்டல் பண்ணினான். அவள் பெட்டியைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

அடுத்து குல்பிக்காரர் மாதிரி ஐஸை உடைத்து உப்பைக் கொட்டிப் பார்த்தாள். தொட்டிக்குள் மார்கழிப் பனி மாதிரி கொஞ்சம் மூட்டம் போட்டது. கோடு விழவில்லை. இன்னும் குளிர் பத்தாது என்றாள். சுதா வரும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே போவேன்.

வழி நம்ம மாட்டால் வந்தது என்றால் நம்புவீர்களா? லட்சுமிக்குச் சினை ஊசி போட முனிரத்தினம் வந்தார். வண்டியில் ஒரு பெரிய அலுமினியக் கேன் கட்டியிருந்தார். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து இறங்கித் தரையெல்லாம் ஊர்ந்தது. அடுப்புப் புகை மேலே போகும், இது கீழே வருகிறதே என்று நான் கையை நீட்டிவிட்டேன். "அக்கா! செய்யி பெட்டொத்தக்கா!" என்று, கை வைக்காதே என்பதைத் தெலுங்கில் அலறிவிட்டார். கையை வைத்தால் விரல் வெந்த மாதிரி ஆகிவிடுமாம். நைட்ரஜனாம். விந்து ஊசிகள் கெடாமல் இருக்க அந்தக் குளிரில்தான் வைப்பார்களாம்.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரேவதி கையில் சீப்போடு அப்படியே நின்றுவிட்டாள். "சார், இது எனக்குக் கொஞ்சம் கெடைக்குமா?"

"உனக்கு எதுக்கும்மா? வூட்ல எத்தினி மாடு?" என்றார் முனிரத்தினம்.

விசயத்தைச் சொன்னதும் மனுசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால், கேனை மறுபடி நிரப்பப் போகிற நாளில் அடியில் மீந்ததைத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையும் போட்டார். அவர்தான் ஊற்றுவார், வேறு யாரும் தொடக்கூடாது, கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த சங்கடம், தொட்டிக்கு அடியில் வைக்கக் கறுப்பாக, கனமாக ஓர் இரும்புத் தட்டு வேண்டும். ரேவதி வீடு முழுக்கச் சுற்றிவிட்டு என் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆயா, இந்தக் கல்லு எங்க வாங்கின? கடையில இவ்வளவு கனமா பாத்ததே இல்ல."

"கடையிலயா? உங்க தாத்தா குடுத்ததுடி. எக்ஸ்ரே ரூம்ல சாமான் வெக்கறதுக்குப் போட்டிருந்த பிளேட்டு. மாத்தறாங்கன்னு கேட்டு, கேட் பாஸ் போட்டு வாங்கியாந்து, லேத்துல குடுத்து எனக்குன்னு..."

அப்போதுதான் என் காதில் என் பேச்சே விழுந்தது. வருசக்கணக்காக அந்த மிசினுக்கு அடியிலேயே கிடந்த இரும்பு. அதில்தான் செல்வத்துக்கு, சுதாவுக்கு, பிரபுவுக்கு, இவளுக்கு, ஒவ்வொரு நாளும் தோசை ஊற்றியிருக்கிறேன். துணியைப் பூட்டி வைத்துவிட்டுக் கல்லை அடுப்பில் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குக்கூட இது ஒருநாளும் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் கொடுத்திருப்பீர்களா? அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மேல் கோபமா, பயமா, சொல்லத் தெரியவில்லை. ரேவதிக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நல்லதாப் போச்சு ஆயா. இப்ப இதையும் சேத்துப் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் எல்லோரும் கூடினோம். ஜன்னலைத் திறந்துவைத்து வெளிச்சத்தை மறைக்கச் சாக்கைத் தொங்கவிட்டோம். முனிரத்தினம் கையுறை மாட்டிக்கொண்டு நைட்ரஜனை நேராகக் கல்மேல் ஊற்றினார். கல் சடசடவென்று சத்தம் போட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், கல்மேல் ஸ்பிரிட் உறைந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. குளிர் பத்தாமல் கெட்டது போய், குளிர் அதிகமாகிக் கெட்டது. "மாட்டு டாக்டரு ரொம்ப தாராளம்" என்றான் செல்வம். "டாக்டர்னு சொல்லி மாட்டி வுட்டுடாதீங்க சார், நான் ஊசிக்காரன்தான்" என்றார் அவர்.

ரேவதி கல்லைத் துடைத்து, தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பேசினை வைத்து, அதில் ஊற்றச் சொன்னாள். பேசின் விளிம்பின் மேல் கல்லை வைத்தாள். புகை மட்டும் கல்லின் அடியில் பட்டு மெதுவாகக் குளிர வேண்டும் என்றாள். தொட்டி விளிம்பில் காற்றுப் போகாமல் இருக்க நான் மைதா மாவைப் பிசைந்து அப்பினேன். பக்கத்தில் டார்ச்சை வைத்தாள். காத்திருந்தோம்.

முதலில் கல்மேல் தூறல். மிகச் சின்னத் தூறல். பிறகு ஒரு கோடு. பட்டுப்புழு நூல் விடுவது மாதிரி மெல்லிசாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து போனது. இன்னொன்று. குழந்தை கிறுக்கின மாதிரி கோணலாக ஒன்று. கட்டையாக, குட்டையாக ஒன்று.

"பாத்தியா? நான் சொன்னனே! கல்லுல இருக்குது! தட்டி வுடு அதை!" என்று கத்திவிட்டேன்.

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயா, நல்லாப் பாரு. கோடு கல்லுலருந்தா கெளம்புது? அது பாட்டுக்கு எங்கேருந்தோ வருது, எங்கியோ போவுது. ஆகாசத்துலருந்து எந்நேரமும் இது கொட்டிக்கினேதான் இருக்குது. தரையிலருந்தும், செவுத்துலருந்தும், காத்துலருந்தும் கொஞ்சம் வரும். நம்ம எல்லாருக்குள்ளயும் பூந்து போவுது."

"சுதா வயித்துக்குள்ளயுமா?"

"அவ வயித்துக்குள்ளயும்தான். உன்னைப் பெத்தவ வயித்துக்குள்ளயும்தான். இது இல்லாத எடமே கெடையாது."

அதை எப்படி எடுத்துக்கொள்வது? அவள் அதோடு விடவில்லை. மாரியம்மன் கோயில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வாங்கி மீந்த பழைய மேண்டில், அந்தத் திரி வலை, ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதில் நிஜமாகவே கதிர் உண்டாம். அதைத் தொட்டிக்குள் வைத்து மறுபடி மூடினாள். கொஞ்ச நேரத்தில் மேண்டிலைச் சுற்றிக் கோடு கோடாகச் சீறியது. கார்த்திகைக்குக் கொளுத்தின மத்தாப்பு மாதிரி. "பாத்தியா ஆயா, இருந்தா இப்படித்தான் காட்டிக் குடுத்துடும். இந்தத் தொட்டிக்கு ஒளிக்கத் தெரியாது" என்றாள். மேண்டிலை எடுத்துக் கவரில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பிறகு செல்வம் கொட்டகைக்குப் போய் உங்கள் பெட்டியைக் கொண்டு வந்தான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நானே திறந்தேன். பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் உங்கள் வாசனை கொஞ்சம் மீதி இருந்தது. உங்கள் காக்கிச் சட்டையின் நெஞ்சுப் பொத்தானை வெட்டித் தொட்டிக்குள் வைத்தாள். சட்டையை, ஸ்வெட்டரை, கேரியரைத் தொட்டியைச் சுற்றிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள்.

மத்தாப்பு வரும், வரும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வரவில்லைங்க. அதே தூறல். எங்கிருந்தோ ஒரு கோடு, எங்கேயோ போகிற ஒரு கோடு. உங்கள் பொத்தான் பாட்டுக்குச் சும்மா கிடந்தது, சாதாரணப் பொத்தான் மாதிரி. அடியில் கல்லும் சும்மா கிடந்தது. முனிரத்தினம் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். அது தீரும் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆயா, என்னா ஆச்சு?" என்று பதறினாள் ரேவதி.

"ஒண்ணுமில்ல. கல்லை சீக்கிரம் கழுவிக் குடுங்க. இவருக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடுத்து அனுப்பணும்" என்றேன். முனிரத்தினத்துக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு எல்லோருக்கும் ஊற்றினேன். கல் சூடேற நேரமானது. முதல் தோசை ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அதை நானே தின்றேன்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் வந்தது? அதை இந்தத் தொட்டி சொல்லாது என்று ரேவதியே சொல்லிவிட்டாள். அந்தக் கேள்வி என்னோடு இருக்கட்டும். ஆனால் நீங்கள் எங்களுக்கு எதையும் ஒட்டிவிட்டுப் போகவில்லை. ஆசையாகத் தூக்கினதில் ஒரு கெடுதலும் இல்லை. அது போதும். மூச்சு விட எனக்கு அது போதும்.

இப்போது சுதாவின் சேதி. பெண் குழந்தை. சுகப்பிரசவம். நம்ம ஓசூர்க் குளிர்தான் உங்களுக்குத் தெரியுமே, நடுங்கிக்கொண்டே பிறந்தது. உங்கள் நீல ஸ்வெட்டரைத் துவைத்து வெயிலில் காயவைத்து, அதில் சுற்றித்தான் பின்னறையில் படுக்க வைத்திருக்கிறோம். ஸ்வெட்டரின் கை இரண்டும் தொட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கடிதத்தை நம்ம பகுதிச் சங்க ஆண்டு மலரில் போடுகிறார்கள். அதனால் ஒன்று கேட்கிறேன். சேலத்து மாணிக்கம் ரிட்டையராகி எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. அவரோ, அன்றைக்கு அந்த ரூமில் நின்ற வேறு யாராவதோ இதைப் படித்தால், அந்த ஆயுத பூஜைப் படத்தை இந்த மலர்க்காரர்களுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தடவை கவரைப் பிரிப்பேன். சுவரில் முறைக்கிற படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டுவேன். குழந்தைக்குச் சிரிக்கிற தாத்தாவைத்தான் காட்டுவேன். இது சத்தியம்.

ஊரிலிருந்து எழுதும்போதெல்லாம் கடைசி வரியில் "புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பவும்" என்று எழுதுவேன். நீங்கள் ஒருதடவைகூட அனுப்பியதில்லை. இப்போதும் அதையேதான் கேட்கிறேன். பழைய படம்தானே என்று சொல்லாதீர்கள். நான் பார்க்காத படம் எனக்குப் புதுசுதான்.

இப்படிக்கு,
உங்கள் தோசைக்கல்லை இன்னும் அடுப்பிலிருந்து இறக்காத,
உங்கள் வீட்டுக்காரி, செல்வத்தின் அம்மா.